மூன்று வட்டங்களும் ஆறு பேரும்

பேராசிரியர் அரங்கநாதன் வீட்டு வாசலில் தொங்கிய பெயர்ப்பலகையைப் படித்து முடிக்க வேண்டுமானால், தெருவில் போகிறவர் நின்றாக வேண்டும். பெயருக்குப் பின்னால் ஆங்கில எழுத்துகள் ஒரு வரிசை. பெயருக்கு முன்னால் ‘கணிதக் கதிரவன்’, ‘கணித ஞாயிறு’ என்று இரண்டு பட்டங்கள். இரண்டையும் கொடுத்தது வேலூர் லாங் பஜாரில் இயங்கிய ஓர் இலக்கிய மன்றம். மன்றத்தின் தலைவர் எவர்சில்வர் கடை வைத்திருந்தார். பேராசிரியரின் மனைவிக்கு உடன்பிறந்த அண்ணன்.

கணம் என்பது ஒரு கூட்டம். யார் உள்ளே, யார் வெளியே என்று சந்தேகமில்லாமல் சொல்ல முடிகிற கூட்டம். அதில் ஒரே உறுப்பை இரண்டு முறை எழுதினாலும் ஒன்றாகத்தான் எண்ண வேண்டும். இது கணவியலின் முதல் பாடம். பதினெட்டு வருடமாக அதை வகுப்பில் நடத்தி வந்தவர் அரங்கநாதன்தான். கதிரவனும் ஞாயிறும் ஒன்றுதானே என்று அவரிடம் யாரும் கேட்டதில்லை.

கன்னியப்பனுக்குக் கேட்கத் தோன்றும். கேட்க மாட்டான். அவன் டெம்ப்ரவரி.

முப்பத்தொரு வயது, எம்.எஸ்ஸி. முதல் வகுப்பு, கணிதத் துறையில் நான்கு வருட வேலை. நான்கு வருடம் என்பது பேச்சுக்கு. ஒவ்வோர் ஏப்ரலிலும் கல்லூரி அவனை வீட்டுக்கு அனுப்பிவிடும். ஜூலையில் பேராசிரியர் மனது வைத்தால் திரும்ப எடுத்துக்கொள்ளும். இடைப்பட்ட மாதங்களில் குடியாத்தத்தில் நெசவாளர் வீட்டுப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுப்பான். கல்யாணத் தரகர் இரண்டு முறை வந்து ஜாதகத்தை வாங்கிப் போனார். இரண்டு முறையும் அதைத் திருப்பிக் கொண்டுவந்து, “பொண்ணு வூட்ல ‘ஏப்ரல் மாசம் மாப்ள இன்னா பண்ணுவாரு’ன்னு கேக்கறாங்க” என்றார்.

1982இல் பி.எஸ்ஸி. கணிதத்துக்கு டிஸ்கிரீட் மேத்தமேடிக்ஸ் என்று ஒரு புதிய தாள் வந்தது. கூடவே, கல்லூரியில் எம்.எஸ்ஸி. வகுப்பு தொடங்கலாமா என்று பார்க்கப் பல்கலைக்கழகத்திலிருந்து மூன்று பேர் குழு வரப்போவதாகவும் செய்தி வந்தது. எம்.எஸ்ஸி. வந்தால் துறையில் ஒரு நிரந்தர வேலை உண்டு. அந்த வேலை யாருக்கு என்று அரங்கநாதன் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனால் கன்னியப்பனைப் பார்க்கும்போதெல்லாம், கையில் வாழைப்பழம் வைத்திருப்பவர் யானையைப் பார்ப்பதுபோலப் பார்க்கத் தொடங்கினார்.

குழுவை மயக்குவதற்கு அவர் ஒரு புத்தகம் தயாரித்துக்கொண்டிருந்தார். ‘கணவியல் களஞ்சியம்: இருநூறு பயிற்சிக் கணக்குகள்’. ஆங்கிலப் புத்தகங்களில் இருக்கும் கணக்குகளை இந்த மண்ணுக்கு ஏற்ப மாற்றித் தருவது அவர் திட்டம். மாற்றியும் இருந்தார். “நூறு பேரில் அறுபது பேர் டென்னிஸ் ஆடுவர், நாற்பத்தைந்து பேர் பியானோ வாசிப்பர்” என்ற கணக்கில் டென்னிஸ் இருந்த இடத்தில் சடுகுடுவும், பியானோ இருந்த இடத்தில் நாதஸ்வரமும் வந்து உட்கார்ந்தன. அதன்படி முப்பது பேர் சடுகுடுவும் ஆடி நாதஸ்வரமும் வாசித்தார்கள். மூச்சு விஷயத்தில் இரண்டும் ஒத்துப்போகுமா என்று கன்னியப்பன் யோசித்தான். யோசித்ததோடு நிறுத்திக்கொண்டான்.

“நூறாவது கணக்கு மட்டும் மெய்யான தரவாக இருக்க வேண்டும், கன்னியப்பன்” என்றார் பேராசிரியர். அவர் வீட்டில் மோர் கேட்பதும் மேடைத் தமிழில்தான். “நூறு மனிதர்கள். மூன்று மொழிகள். தமிழ், உருது, தெலுங்கு. பேரணாம்பட்டு ஆந்திர எல்லையில் இருக்கிறது. அங்கே ஒரு தோல் தொழிற்சாலைக்குச் சென்று, யாருக்கு எது தெரியும் என்று கணக்கெடுத்து வாரும். சரியாக நூறு பேர். தொண்ணூற்றொன்பது என்றால் விழுக்காடு அசிங்கமாக வரும்.”

கன்னியப்பன் நூறு துண்டுச் சீட்டுகளைக் கத்தரித்துப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினான்.

அவன் போன டேனரியின் முதலாளி இஷ்தியாக் அகமது. ஈசிசேரில் சாய்ந்தபடி வந்த விஷயத்தைக் கேட்டார். “கணக்கு வாத்தியாரா? ஆடிட்டர் இல்லையே?” என்று ஒரு முறைக்கு இரண்டு முறை உறுதி செய்துகொண்டு, “அப்ப தாராளமா கேளுங்க. மொதல்ல சாயா சாப்பிடுங்க” என்றார்.

டைம்கீப்பர் கனகராஜ் ஆள் கணக்கைப் பார்த்தார். “தொண்ணூத்தாறு பேர்தான் சார் இருக்காங்க.”

“நூறு வேணுங்களே.”

“நாலு தானே? கேட்டாண்ட டீக்கடைக்காரர் ஒண்ணு. சைக்கிள் கடை ஒண்ணு. லாரி டிரைவர் பச்சையப்பன் தோல் இறக்க வந்துகீறாரு, மூணு.” கனகராஜ் ஈசிசேர் பக்கம் பார்த்தார்.

“நானும் வர்றேன்” என்றார் முதலாளி. “எனக்கும் ஒரு சீட்டு எழுதுங்க.”

தோல் பதனிடும் மரப்பட்டைகளை அடுக்கி வைக்கும் கோடவுனை ஒட்டிய வேப்பமரத்தடியில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தான் கன்னியப்பன். ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கேட்டான். முதல் இருபது பேர் வரைக்கும் கேள்வி ஒழுங்காகப் போயிற்று. அதற்குள் சுண்ணாம்புத் தொட்டியில் புறப்பட்ட வதந்தி, தோல் சுழலும் டிரம்முக்கும் காயப்போடும் களத்துக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது. அப்போது சர்க்கார் முதியோர் கல்வி வகுப்புகள் நடத்திக்கொண்டிருந்த நேரம். மொழி தெரியாதவர்களுக்குச் சிலேட்டும் லாந்தர் விளக்கும் இனாம், வகுப்புக்காகச் சாயங்காலம் அஞ்சு மணிக்கே வெளியே விட்டுவிடுவார்கள் என்பது வதந்தியின் முதல் பாதி. தெலுங்கு தெரிந்தவர்களை முதலாளி நெல்லூருக்குத் தோல் வாங்க அனுப்பப்போகிறார் என்பது அடுத்த பாதி. அதன் பிறகு பதில்களுக்கும் உண்மைக்கும் நடுவே இருந்த சொந்தம் அறுந்துவிட்டது.

லாரி டிரைவர் பச்சையப்பன் வந்து நின்றார். மனைவி பலமநேர்க்காரி, வீட்டில் தெலுங்குதான்.

“தெலுங்கு தெரியுங்களா?”

“தெலுங்கா? ஒண்ணும் தெரியாது சார். காதுல கூட விழுந்ததில்ல.”

லாரியின் மேலிருந்து கிளீனர் என்னவோ கத்தினான். பச்சையப்பன் திரும்பி, “வஸ்தானு, உண்டுரா” என்று தெலுங்கிலேயே பதில் கத்திவிட்டு, இந்தப் பக்கம் முகத்தைத் திருப்பி, “நெல்லூர் ரோடு ரொம்ப பேஜார் சார். தெலுங்கு தெரியாதுன்னே எழுதிக்குங்க” என்றார்.

டிரம் ஓட்டும் சத்தார் வந்தார். உருது தெரியுமா என்று கேட்டதற்கு, “மேரேகு நை ஆத்தா சார்”, எனக்கு வராது என்று சுத்தமான உருதில் சொல்லிவிட்டார். தமிழுக்கும் அதே பதில், தெலுங்குக்கும் அதே பதில்.

அடுத்து வந்தவள் மரியம்மாள். ஈரத் தோலைக் களத்தில் விரித்துக் காயப்போடுகிறவள். நாற்பது வயது இருக்கும். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு ஸ்டூலுக்கு முன்னால் வந்து நின்றாள்.

“தமிழ் தெரியுமாம்மா?”

“தெரியாது சார்.”

கன்னியப்பன் நிமிர்ந்து பார்த்தான். “உருது?”

“அதுவும் தெரியாது.”

“தெலுங்கு?”

“நீங்க ஒவ்வொண்ணா இன்னாத்துக்கு கஷ்டப்படறீங்க? எதுவுமே தெரியாதுன்னு போட்டுக்குங்க. சிலேட்டு இப்பவே குடுப்பீங்களா, அப்பறமாவா?”

“சிலேட்டு இல்லம்மா. நான் காலேஜ்லேர்ந்து வர்றேன்.”

“காலேஜா? அப்ப பெரிய சிலேட்டா இருக்கும்” என்று சொல்லிவிட்டு, அடுத்தவளைக் கையைப் பிடித்து இழுத்து முன்னால் நிறுத்தினாள். “இவளுக்கும் ஒண்ணும் தெரியாது சார். பாவம்.”

கன்னியப்பன் பயந்த சுபாவம். பேராசிரியர் நாளைக்கு ஏதாவது கேட்டுவிட்டால் கையில் பதில் இருக்க வேண்டுமே என்ற பயத்தில், ஒவ்வொரு சீட்டின் வலது மூலையிலும் அந்த ஆள் எந்த மொழியில் பதில் சொன்னார் என்று த, உ, தெ என ஒற்றை எழுத்தில் குறித்துக்கொண்டே வந்தான். மரியம்மாள் சீட்டின் மூலையில் ஒரு த. சத்தார் சீட்டில் ஓர் உ. பச்சையப்பன் சீட்டில் த எழுதி, அதன் பக்கத்தில் பொடி எழுத்தில் ‘கிளீனரிடம் தெ’ என்று சேர்த்தான்.

கூட்டிப் பார்த்தபோது கணக்கு வந்தது. தமிழ் தெரிந்தவர் எழுபத்தெட்டு, உருது ஐம்பத்து நான்கு, தெலுங்கு நாற்பது. தமிழும் உருதும் நாற்பத்திரண்டு, தமிழும் தெலுங்கும் முப்பத்து மூன்று, உருதும் தெலுங்கும் இருபத்தொன்று. மூன்றும் தெரிந்தவர் பதினெட்டு. சூத்திரத்தில் போட்டால் மூன்று வட்டங்களுக்குள்ளும் சேர்த்துத் தொண்ணூற்று நான்கு பேர். வட்டங்களுக்கு வெளியே, எந்த மொழியும் தெரியாமல், ஆறு பேர்.

“அற்புதம்” என்றார் அரங்கநாதன்.

“சார், அந்த ஆறு பேர்...”

“ஆறுக்கு என்ன குறை? பூச்சியம் வந்திருந்தால் கணக்கு சப்பென்று போயிருக்கும்.”

“இல்ல சார். மொழி தெரியாதுன்னு அவங்க என்கிட்ட தமிழ்லயே...”

“கன்னியப்பன்.” பேராசிரியர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். அவர் அதைக் கழற்றினால் எதிரே இருப்பவர் ஏப்ரல் மாதத்தை நினைத்துக்கொள்ள வேண்டும் என்று அர்த்தம். “தரவு என்பது தரவு. அதனோடு நாம் வாதாடக் கூடாது. சீட்டுகளைக் கட்டி எங்கேயாவது வையும்.”

கன்னியப்பன் கட்டித் தன் பையிலேயே வைத்துக்கொண்டான்.

புத்தகம் அச்சுக்குப் போயிற்று. முன்னுரையில் பேராசிரியர் இப்படி எழுதியிருந்தார்: “நூறாவது கணக்குக்காகப் பேரணாம்பட்டின் கொளுத்தும் வெயிலில் நின்று, நூறு உழைப்பாளிகளை யானே நேரில் கண்டு வினவினேன்.” வெயிலில் நின்ற கன்னியப்பனே அதற்குப் புரூஃப் பார்த்தான். ‘யானே’ என்ற சொல்லில் பிழை ஏதும் இல்லை. விட்டுவிட்டான்.

விளம்பரப் பலகை எழுதும் அருணகிரியிடம் சொல்லி, எட்டடி வெள்ளைத் துணியில் மூன்று வட்டங்களையும் வரையச் செய்தார்கள். ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளும் சிவப்பு, பச்சை, நீல வட்டங்கள். வரைந்து முடித்ததும் அருணகிரி தூர நின்று பார்த்து, “புதுக் கட்சியா சார்? சின்னம் நல்லா இருக்குது, ஆனா ஓட்டுச் சீட்டுல குழப்பம் வரும்” என்றார்.

குழு வந்த அன்று கல்லூரி வாசலில் மாவிலைத் தோரணம். முந்தின நாளே ஆற்காட்டுக்கு ஆள் அனுப்பி மக்கன் பேடா வாங்கி வைத்திருந்தார் பேராசிரியர். குழுவில் மூன்று பேர். ஒருவர் வயதானவர், உட்கார்ந்ததும் தூங்கிவிடக்கூடியவர். இன்னொருவர் மக்கன் பேடாவை முதல் பார்வையிலேயே புரிந்துகொண்டு அதன் பக்கத்திலேயே தங்கிவிட்டார். மூன்றாவது ஆள் பேராசிரியை சுந்தரி. மெட்ராஸிலிருந்து வந்தவர், நரைத்த தலை, பருத்திப் புடவை, கையில் பென்சில். அவர்தான் குழுவின் தலைவர். அவர் ஒருவரே புத்தகத்தைத் திறந்தும் பார்த்தார்.

அரங்கநாதன் துணிக்கு முன்னால் நின்று கைக்கோலால் வட்டங்களைத் தொட்டுத் தொட்டுப் பேசினார். கன்னியப்பன் துணி விழாமல் ஒரு மூலையைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவனுடைய வேலை அந்தத் துணியில் தொங்கிக்கொண்டிருப்பது அவனுக்குத் தெரியும்.

“வெளியே இருக்கற இந்த ஆறு பேர்...” என்றார் சுந்தரி.

“ஆம், மேடம். மூன்று கணங்களின் சேர்ப்பு; அதற்கு நிரப்பி. ஆறு உறுப்புகள்.”

“அது சரி. இவங்ககிட்ட நீங்க எந்த மொழியில கேட்டீங்க?”

மக்கன் பேடாக்காரர் மெல்லுவதை நிறுத்தினார். அரங்கநாதன் தமிழ் வட்டத்தைப் பார்த்தார், உருது வட்டத்தைப் பார்த்தார், தெலுங்கு வட்டத்தைப் பார்த்தார். எதுவும் கை கொடுக்கவில்லை.

“சைகையில்” என்றார்.

“அப்படியா.” சுந்தரி பென்சிலால் குறித்துக்கொண்டார். “அப்ப நாலாவதா ஒரு வட்டம் வேணுமே. சைகை தெரிஞ்சவங்க.”

தூங்கிக்கொண்டிருந்தவர் கண்ணைத் திறந்தார்.

“நானும் எவ்வளவோ ஜனங்களைப் பார்த்தாச்சு. ஒரு மொழியும் இல்லாத ஆளை இன்னும் பார்த்ததில்ல” என்று சுந்தரி எழுந்தார். “பேரணாம்பட்டு பக்கம்தானே? கார் இருக்கு. போய்ட்டு வந்துடலாம்.”

“மேடம், பிரியாணி தயாராக இருக்கிறது. அந்தப் பக்கம் வாடை வேறு அதிகம். தங்களால் தாங்க முடியாது.”

“எங்கப்பா பெரியமேட்டுல தோல் கோடவுன்ல குமாஸ்தா. நான் அந்த வாடையிலதான் வாய்ப்பாடு படிச்சேன். வாங்க.”

மற்ற இருவரும் பிரியாணிக்குக் காவல் இருப்பதாகச் சொல்லிவிட்டார்கள். அம்பாசடரின் முன் சீட்டில் சுந்தரி ஏறிக்கொண்டார். பின்னால் பேராசிரியரும் கன்னியப்பனும். பாதி வழியில் அரங்கநாதன் அவன் காதருகே குனிந்தார். “அங்கே போனதும் நீர் முதலில் இறங்கி ஓடும். அந்த ஆறு பேரையும் எதுவும் பேச வேண்டாம் என்று சொல்லிவிடும்.”

எந்த மொழியில் சொல்வது சார் என்று கேட்க கன்னியப்பனுக்கு நாக்கு துடித்தது. மடியில் இருந்த பையை இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்துக்கொண்டான்.

ஓட வேண்டிய அவசியம் வரவில்லை. கார் உள்ளே நுழைந்தபோது டேனரி முற்றத்தில் மரியம்மாள் நின்றுகொண்டிருந்தாள். பச்சையப்பனின் லாரி அவள் களத்துக்கு வழியை மறித்து நின்றது; அவரைத் தெலுங்கில் திட்டிக்கொண்டிருந்தாள். அதே மூச்சில் திரும்பி, டிரம்மை நிறுத்தாமல் ஓட்டியதற்காகச் சத்தாரை உருதில் ஒரு வாங்கு வாங்கினாள். சத்தாரும் சளைக்கவில்லை, தமிழில் திருப்பிக் கொடுத்தார். காரிலிருந்து இறங்கிய கன்னியப்பனைக் கண்டதும் அவள் முகம் மலர்ந்தது.

“வாங்க சார். நாள் ஆயிட்ச்சேன்னு பாத்தேன். சிலேட்டு வந்துட்ச்சா?”

சுந்தரி கார் கதவைச் சாத்தாமல் அப்படியே நின்றார். “இவங்க யாரு?”

கன்னியப்பன் தொண்டையைச் செருமினான். “ஆறு பேர்ல ஒருத்தங்க, மேடம்.”

டைம்கீப்பர் கனகராஜ் சட்டைப் பித்தானைப் போட்டபடி ஓடி வந்தார். கன்னியப்பனுக்கு வணக்கம் வைத்தார். கைக்குட்டையால் மூக்கை மூடிக்கொண்டு நின்ற அரங்கநாதனைப் பார்த்து அவர் குரல் தாழ்ந்தது. “சார், இவரு யாரு? பாய்லர் இன்ஸ்பெக்டரா? முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதா?”

“உங்களுக்கு இவரைத் தெரியாதா?” என்று கேட்டார் சுந்தரி.

“இன்னிக்குத்தான்மா பாக்கறேன்.”

சுந்தரி புத்தகத்தைத் திறந்து முன்னுரையில் விரலை வைத்தார். “பேராசிரியர், கொளுத்தும் வெயிலில் நின்று நேரில் கண்டுன்னு எழுதியிருக்கீங்களே. எந்த இடத்துல நின்னீங்க?”

அரங்கநாதன் முற்றத்தைச் சுற்றிலும் பார்த்தார். “கொஞ்சம் நிழல் பக்கமாக, மேடம்” என்றார்.

சுந்தரி அதற்குமேல் அவரைக் கேட்கவில்லை. மரியம்மாளிடம் போனார். “தமிழ் தெரியாதுன்னு சொன்னீங்களாமே?”

“ஆமாம்மா.”

“இப்ப பேசறது?”

மரியம்மாள் வெட்கப்படவில்லை. “தெரியும்னு சொன்னா சிலேட்டு யாரும்மா குடுப்பாங்க? அஞ்சு மணிக்கு யாரு வுடுவாங்க? நீங்களே சொல்லுங்க.”

சுந்தரி சிரித்துவிட்டார். சிரித்து முடித்ததும் கன்னியப்பன் பக்கம் திரும்பினார். “இது உங்களுக்கு அன்னிக்கே தெரியுமா? சீட்டெல்லாம் எங்கே?”

“சீட்டுகள் அழிந்துவிட்டன, மேடம்” என்று அரங்கநாதன் முந்திக்கொண்டார். “கல்லூரியில் கரையான் அதிகம்.”

கன்னியப்பனின் கை பையின் மேல் இருந்தது. கரையான் என்று அவனும் சொன்னால் ஜூலையில் வேலை உண்டு, டெம்ப்ரவரியாகவாவது உண்டு. சீட்டை எடுத்தால் இந்த ஏப்ரலோடு குடியாத்தத்துக் குழந்தைகளுக்கு வருடம் முழுவதும் டியூஷன்தான். தரகர் முகம் வேறு கண்ணில் வந்து போயிற்று.

“அன்னிக்கு மூலையில ஏதோ கிறுக்கிக்கினே இருந்தீங்களே சார்” என்றாள் மரியம்மாள். “அதே பைதான இது?”

“இருக்கு மேடம்” என்று கன்னியப்பன் சீட்டுக் கட்டை எடுத்துவிட்டான்.

தோல் தரம் பிரிக்கும் பெரிய மேசையில் சீட்டுகளைப் பரப்பினார்கள். காற்றில் பறக்காமல் இருக்க டீ கிளாஸ்களை மேலே வைத்தார் கனகராஜ். சுந்தரி மூலையில் இருந்த எழுத்துகளைப் பார்த்தார். “த, உ, தெ. இது என்ன?”

“அவங்க எந்த மொழியில பதில் சொன்னாங்கன்னு குறிச்சு வெச்சேன், மேடம்.”

“யாரு குறிக்கச் சொன்னா?”

“யாரும் சொல்லல. சும்மா, பயத்துல.”

சுந்தரி சீட்டுகளைப் பிரிக்க ஆரம்பித்தார். நாலு சீட்டு எடுத்து வைப்பதற்குள் மரியம்மாளுக்குப் பொறுமை போய்விட்டது.

“இன்னாம்மா ஒவ்வொண்ணா தடவிக்கினு இருக்கீங்க. எப்படி எப்படி பிரிக்கணும்னு சொல்லுங்க, நாங்க போடறோம்.”

மூன்று மொழி, ஒவ்வொன்றிலும் தெரியும், தெரியாது என்று இரண்டு வகை. எட்டுக் குவியல். இதைச் சுந்தரி சொல்லி முடிப்பதற்குள் நான்கு பெண்கள் மேசையைச் சுற்றி நின்றுவிட்டார்கள். ஒரு நாளைக்கு ஆயிரம் தோலைத் தடவிப் பார்த்து முதல், ரெண்டு, மூணு, கழிவு என்று வீசிப் பிரிக்கிற கைகள். சீட்டுகள் பறந்து தத்தம் குவியலில் விழுந்தன. அரங்கநாதன் பதினெட்டு வருடமாகக் கரும்பலகையில் வட்டம் போட்டு, வெட்டு போட்டு, கூட்டிக் கழித்து வந்தது, தேநீர் ஆறுவதற்குள் மேசையில் எட்டுக் குவியலாக நின்றது. கடைசிக் குவியலில் ஆறு சீட்டு.

“இப்ப தமிழ் தெரியாதுன்னவங்க குவியல் எல்லாத்தையும் ஒண்ணாப் போடுங்க.”

இருபத்திரண்டு.

“இதுல மூலையில த இருக்கறதை மட்டும் எடுங்க.”

பத்தொன்பது. தமிழ் தெரியாது என்று தமிழிலேயே சொன்னவர்கள் பத்தொன்பது பேர். மீதி மூன்று பேர் உருதில் சொல்லியிருந்தார்கள், ஒருவர் சத்தார். அந்தக் கடைசி ஆறு சீட்டுகளை எடுத்துப் பார்த்தால் ஐந்தில் த, ஒன்றில் உ. ஆறு பேரும் ஏதோ ஒரு வட்டத்துக்குள் போய் உட்கார்ந்தார்கள். வட்டங்களுக்கு வெளியே மேசைதான் இருந்தது.

“வெற்றுக்கணம்” என்றார் சுந்தரி.

“அப்படின்னா?” என்று கேட்டாள் மரியம்மாள்.

“அதுல யாருமே இல்ல.”

“நாங்க ஆறு பேர் இருந்தோமே. தூக்கிட்டீங்களா? அப்ப சிலேட்டு?”

“சிலேட்டு நான் பார்த்துக்கறேன்” என்றார் ஈசிசேரிலிருந்து எழுந்து வந்து வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த இஷ்தியாக் அகமது. “இவ்ளோ நேரம் வேலைய வுட்டுட்டு நின்னதுக்கு சிலேட்டே கம்மி.”

சுந்தரி பச்சையப்பனின் சீட்டை எடுத்து வைத்துக்கொண்டு, ‘கிளீனரிடம் தெ’ என்ற பொடி எழுத்தை இன்னொரு முறை படித்தார். “தெரியும்னு சொன்னவங்க ஒரு கணம். பேசினவங்க ஒரு கணம். ரெண்டுக்கும் வித்தியாசம் என்ன? இருநூறு கணக்குல இதுதான் உருப்படியான கணக்கு. இதை ஏன் புத்தகத்துல போடல?”

கேள்வி அரங்கநாதனைப் பார்த்துக் கேட்கப்பட்டது. அவர் கைக்குட்டையை மூக்கிலிருந்து வாய்க்கு மாற்றிக்கொண்டார்.

திரும்பும் வழியில் கன்னியப்பன் ஜன்னல் வழியே பார்த்தபடி, டியூஷனுக்கு எத்தனை பிள்ளைகள் சேர்ந்தால் வருடம் தள்ளும் என்று மனக்கணக்குப் போட்டுக்கொண்டு வந்தான். பிரியாணி ஆறிப்போயிருந்தது. மக்கன் பேடா தீர்ந்திருந்தது.

ஏப்ரலில் வழக்கம்போல அவனை வீட்டுக்கு அனுப்பினார்கள். வழியனுப்பும்போது பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றிவிட்டே பேசினார்.

ஜூன் கடைசியில் பல்கலைக்கழகத்திலிருந்து குழுவின் அறிக்கை வந்தது. எம்.எஸ்ஸி. கொடுக்கலாம் என்று எழுதியிருந்தார் சுந்தரி. கீழே இரண்டு நிபந்தனை. துறையின் புதிய நிரந்தர வேலை, தரவு திரட்டத் தெரிந்த ஒருவருக்குப் போக வேண்டும். அப்படி ஓர் ஆள் துறையில் ஏற்கெனவே இருக்கிறார் என்று பெயரோடு குறிப்பிட்டிருந்தார். பயிற்சிப் புத்தகத்தின் முன்னுரை அடுத்த பதிப்பில் திருத்தப்பட வேண்டும். கல்லூரி நிர்வாகத்துக்கு எம்.எஸ்ஸி. வேண்டியிருந்தது. ஜூலை மூன்றாம் தேதி கன்னியப்பன் கையில் ஆர்டர் வந்தது. தரகருக்கு விஷயம் நாலாம் தேதியே தெரிந்துவிட்டது.

முன்னுரை திருந்தியது. “யானே நேரில் கண்டு வினவினேன்” என்ற இடத்தில் “நேரில் கண்டு வினவப்பட்டது” என்று வந்தது. யாரால் என்பது நிழல் பக்கமாக நின்றுகொண்டது. பெயர்ப்பலகையில் மட்டும் மாற்றமில்லை. மைத்துனர் மன்றம் அந்த வருடம் ‘கணிதப் பரிதி’ என்று மூன்றாவது பட்டத்தையும் கொடுத்துவிட்டது.

இஷ்தியாக் அகமது சொன்னபடியே டேனரியில் முதியோர் கல்வி வகுப்பு தொடங்கியது. சாயங்காலம் அஞ்சிலிருந்து ஆறு. வாரத்துக்கு ஒரு நாள் வந்து பாடம் நடத்த முடியுமா என்று கனகராஜ் கேட்டபோது, கன்னியப்பன் உடனே சரியென்றான். அவனுடைய நிரந்தர வேலைக்கு அந்த ஆறு பேர் போட்ட கையெழுத்து அவனுக்கு மறக்கவில்லை.

முதல் நாள் ஆறு பேருக்கும் சிலேட்டுக் கொடுத்தான். முதல் பாடமாக அ எழுதிக் காட்டினான். மரியம்மாள் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு சிலேட்டைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு, தன் பெயர், புருஷன் பெயர், தேதி, வகுப்பு நடக்கும் இடம் எல்லாவற்றையும் நாலு வரியில் முத்து முத்தாக எழுதி நீட்டினாள்.

“எட்டாவது வரைக்கும் மிஷன் ஸ்கூல் சார்” என்றாள்.

“அப்புறம் எதுக்கும்மா இந்த வகுப்பு?”

“அஞ்சு மணிக்கு வுடறாங்க இல்ல.”

மற்ற ஐந்து பேரும் குனிந்து எழுதிக்கொண்டிருந்தார்கள். கன்னியப்பன் எட்டிப் பார்த்தான். சத்தார் உருதில் ஒரு முழு வாக்கியம் எழுதி முடித்துப் புள்ளிகள் வைத்துக்கொண்டிருந்தார். அவன் பையிலிருந்து ஒரு வெற்றுச் சீட்டை எடுத்து, எழுதத் தெரியாதவர்கள் என்று தலைப்புப் போட்டான். கீழே எழுத ஒன்றும் இல்லை. மூலையில் தேதியை மட்டும் குறித்துக்கொண்டு, ஆறு மணி வரைக்கும் என்ன செய்வது என்று அவர்களையே கேட்டான்.

“உக்காருங்க சார்” என்றாள் மரியம்மாள். “டீ சொல்லியிருக்குது.”